பர்மாக்காரம்மா கடையில் ஒரு தட்டு இலை

எனக்கு எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை போனேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், கம்பத்தில் இருந்த அம்மாவுக்குப் போட்ட கடுதாசியும்தான். மறதியும் வந்துவிட்டது. அடுக்களைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிற ஆள் நான். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் மறக்க முடியாத ஒரு சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், புத்தகமாகப் போடுவார்களாம். மற்றவர்கள் கிறிஸ்துமஸ் பிரியாணியை எழுதுவார்கள், அறுப்பின் பண்டிகையை எழுதுவார்கள். நான் ரெண்டு நாள் யோசித்தேன். எதை யோசித்தாலும் சுற்றிச் சுற்றி அந்த ஒரு சாப்பாட்டில்தான் வந்து நிற்கிறது. அது ருசித்துச் சாப்பிட்ட சாப்பாடு இல்லை. பயந்து சாப்பிட்டது.

எழுபதுகளில் நடந்தது. அப்போது வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று வருசம் இருக்கும். என் வீட்டுக்காரர் எஸ்டேட் விறகு லாரியில் வேலை. லயத்தில், எஸ்டேட் வரிசை வீட்டில், ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அதில் நாங்கள் ரெண்டு பேரும் என் நாத்தனாரும். மாமனார் மாமியார் இருவரும் முன்னமே போய்ச்சேர்ந்துவிட்டார்கள். ஆகவே நாத்தனார் கல்யாணம் எங்கள் தலையில்தான் இருந்தது.

அவளுக்கு வயது இருபத்து மூன்று. லயத்தில் அது அதிகம். ரெண்டு இடம் வந்து தட்டிப்போனது. ஒரு இடத்தில் ஒன்றும் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் பையனின் அக்கா, இவள் காப்பி கொண்டுவந்து நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, "என்ன இது, வெரலெல்லாம் இப்படிக் கறுத்துக் கெடக்கு?" என்று கேட்டாள். கொழுந்து எடுக்கிறவள் விரல் பின்னே எப்படி இருக்கும்? கறை வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. அன்றைக்கு இரவு என் நாத்தனார் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு யார் முன்னாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு வந்தது.

மூன்றாவது இடம்தான் பர்மாக்காரம்மா மகன்.

பாலத்தைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் கடை. பலகை அடித்த சுவர், தகரக் கூரை, மூன்று பெஞ்சு. ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்கள். பையனின் அப்பாவைக் கடலைத் தாண்டிக் கொண்டுவந்து, அகதி முகாமில் பறிகொடுத்தார்கள். பிறகு அம்மாவும் மகனும் கம்பத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மலையேறி வந்து கடை போட்டார்கள். கடைக்கு வெளியே ஒரு பலகையில் அத்தோ, மொய்ங்கா, பேஜோ என்று பர்மாப் பண்டங்களின் பெயரைச் சுண்ணாம்பில் எழுதியிருக்கும். லாரிக்காரர்களும் பாக்டரி ஆட்களும் அங்கே சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கடை பிடிக்கும். எனக்கு அந்த வழியாகப் போகிறபோது கருவாட்டையும் பூண்டையும் எண்ணெயில் போட்டு வதக்குகிற வாசனை வரும். மூக்கை மூடிக்கொண்டு போவேன். லயத்துப் பெண்கள் யாரும் அப்போது கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்தக் கடையில் புழுவை வேகவைத்துப் போடுகிறார்கள் என்றுகூடப் பேச்சு இருந்தது. அது நூடுல்ஸ் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

அவர்களும் எங்கள் சபைதான். உபதேசியார் ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அந்தப் பையனுக்கு உங்கள் தங்கச்சியைக் கேட்கிறார்கள் என்றார். சாயங்காலம் சாமான் வாங்கப் பாலத்துப் பக்கம் வருகிற பெண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், தனியாகப் பெண் பார்க்க வரத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்ணின் அண்ணனும் மதினியும் கடைக்கு வந்து சாப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "பொண்ணு பாக்க வரச் சொன்னா, நம்மளப் பாக்கணுமாம்ளா. ஒன் மூஞ்சியப் பாத்துட்டு வேண்டாம்னுருவாங்களோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. எனக்கு ஆட்களிடம் பேச வராது. நாலு பேர் பார்க்கச் சாப்பிட வராது. அந்தக் கடையில் கரண்டியால் சாப்பிடுவார்கள் என்று கேள்வி. கரண்டி கீழே விழுந்தால்? அந்த வாசனைக்கு எனக்குக் குமட்டி வந்துவிட்டால்? என்னால் இந்த இடமும் தட்டிப்போனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பேன்?

சனிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது அவளே வந்து பக்கத்தில் நின்றாள். குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மதினி, அங்க என்ன வச்சாலும் சாப்புட்ருங்க."

"என்ன வைப்பாங்க?"

"என்னமோ வைப்பாங்க. கசந்தாலும் தின்னுருங்க. எனக்காக."

"ஒனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்காட்டி?"

குடம் நிறைந்து வழிந்தது, அவள் எடுக்கவில்லை. அதற்கு மேல் நான் என்ன கேட்க?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என்ன பிரசங்கம் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. முடிந்ததும் பாலத்தைக் கடந்து போனோம். பர்மாக்காரம்மா வாசலிலேயே நின்றார்கள். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, பூப்போட்ட லுங்கியை மடித்துச் செருகிக் கட்டியிருந்தார்கள். சேலை கட்டாத பெரிய மனுசியை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல்.

"வா தாயி, வா. வாங்க தம்பி. ஒரு பெஞ்ச தொடச்சு வச்சிருக்கேன். வேற யாரையும் உக்கார விடல."

மகன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். அமைதியான பிள்ளை. காது மடல் சிவந்திருந்தது. அவனுக்கும் பயம் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முதலில் வாழைத்தண்டு சூப்பு வந்தது. பீங்கான் கிண்ணத்தில் ஒரு குட்டைப் பீங்கான் கரண்டி. என் வீட்டுக்காரர் கிண்ணத்தைத் தூக்கியே குடித்தார். நான் கரண்டியை இடக்கையில் எடுத்து, தப்பு என்று தெரிந்து வலக்கைக்கு மாற்றி, பாதியை மேலே ஊற்றிக்கொண்டேன். அந்தம்மா பார்த்தும் பார்க்காதது மாதிரி, "அந்தக் கரண்டி எல்லாருக்கும் அப்படித்தான் தாயி, கையாலயே சாப்புடு" என்றார்கள். பிறகு அத்தோ. மஞ்சள் நூடுல்ஸில் பொடியாக அரிந்த முட்டைக்கோசும் பொரித்த வெங்காயமும் போட்டு, புளித்தண்ணி ஊற்றி, வறுத்த மிளகாய்ப்பொடி தூவி, அந்தம்மா தன் கையாலேயே பிசைந்து வைத்தார்கள். வாயில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. புளிப்பும் உறைப்பும் நம் நாக்குக்குப் பழகினதுதானே. குமட்டல் வராமல் போனதற்கு மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் ரெண்டு தட்டு தின்றார். மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மொய்ங்காவும் கேட்டு வாங்கித் தின்றார். "அத்தே, இந்தக் கையி எங்க லயத்துக்கு வந்தா நாங்க எல்லாம் லாரி மாதிரி ஆயிருவோம்" என்றார். அதற்குள் அத்தை என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார் பாருங்கள். அந்தம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது, இன்னும் ஒரு டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தம்மா உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்தார்கள். ரெண்டு கையாலும் ஏந்தி, கோவிலில் காணிக்கைத் தட்டு கொண்டுவருகிற மாதிரி. மூங்கிலில் செய்து சிவப்புப் பூச்சுப் பூசிய வட்டத் தட்டு, உள்ளே அறை அறையாகத் தடுத்திருந்தது. ரங்கூனிலிருந்து சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்த ஒரே சாமான் அதுதான் என்றார்கள். சுற்றி இருந்த அறைகளில் வறுத்த பட்டாணி, நிலக்கடலை, எள், பொரித்த பூண்டு, காய்ந்த கூனி இறால். நடு அறையில் கரும்பச்சையாக, எண்ணெய் மினுங்க, ஒரு கைப்பிடி இலை.

வீட்டுக்காரர் கீரை என்று நினைத்தார். எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ரெண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. வெந்து, ஊறி, கறுத்துப்போயிருந்தாலும் காம்பைக் கிள்ளின இடம் தெரிந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து அதைத்தானே கிள்ளிக்கொண்டிருக்கிறேன். தேயிலைக் கொழுந்து.

என் கை தட்டுக்கு மேலே போயிருந்தது. அப்படியே திரும்பி மடிக்கு வந்துவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் எஸ்டேட் தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு வீட்டுக்கு டீத்தூள் எஸ்டேட்டில் தருவார்கள். ஆனால் பச்சைக் கொழுந்து ஒன்றைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் இடுப்புச் சாக்கை உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். பாதையில் எஸ்டேட் காவலுக்கு வாட்சர் நிற்பார். நான் கல்யாணமாகி வந்த வருசம், பக்கத்து லயத்தில் ஒருத்தி தலைத்துண்டுக்குள் ரெண்டு பிடி கொழுந்து வைத்திருந்தாள் என்று பிடித்துவிட்டார்கள். எதற்கு வைத்திருந்தாளோ. வேலை போனது. புருசன் வேலையும் போனது. லயத்தைப் பூட்டினார்கள். அந்தக் குடும்பம் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதை நாங்கள் மலைமேலிருந்து பார்த்தோம். கடையில் விற்கிற டீத்தூளைக் குடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பச்சைக் கொழுந்து கடையில் விற்கிற பொருள் இல்லை. இது யாரோ மலையிலிருந்து எடுத்துவந்தது.

வீட்டுக்காரர் ஒரு பிடி எடுக்கக் கை நீட்டினார். பெஞ்சுக்குக் கீழே அவர் காலை அழுத்தி மிதித்தேன்.

"என்னளா, கால என்னத்துக்கு மிதிக்க?" என்று சத்தமாகவே கேட்டார். அந்த ஆளுக்குச் சூட்சுமம் போதாது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் என்னவோ ஏதோ என்று கையை எடுத்துக்கொண்டார். கீழே ஆற்றுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தம்மா முகம் வாடிப்போயிருந்தது. அது வரைக்கும் சிரித்த முகம்.

"பரவால்ல தாயி," என்றார்கள். "கட்டாயமில்ல."

தட்டை எடுக்கக் குனிந்தார்கள். ஒரு தட்டு இலையை நான் தின்னவில்லை என்பதற்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கு விளங்கவில்லை. உள் கதவுக்குப் பக்கத்தில் நின்ற மகன்தான் மெதுவாகச் சொன்னான்.

"அக்காவுக்குத் தெரியாதும்மா. சொல்லாம வச்சா எப்படித் தெரியும்?" பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான். "ரங்கூன்ல கல்யாணப் பேச்சு பேசி முடிக்கிறப்ப இதத்தான் வைப்பாங்கக்கா. சம்மதம்னா ஆளுக்கு ஒரு வாய் எடுப்பாங்க. எடுக்கலன்னா சம்மதமில்லன்னு அர்த்தம். இங்க அப்படி இல்லல்ல. நீங்க யோசிச்சே சொல்லுங்க."

யோசித்தே சொல்லுங்கள் என்று அவன் சொன்ன விதத்தில், அவன் மனதுக்குள் ஏற்கெனவே முடித்துவிட்டான் என்று தெரிந்தது.

இப்போது நான் எடுத்தால் திருட்டுக் கொழுந்தைத் தின்றவள். எடுக்காவிட்டால் ஒரு பெண் வாழ்க்கையைத் தட்டிவிட்டவள். சம்மதம் என்று வாயால் சொல்லிவிட்டால் போதுமா? அந்தம்மாவுக்கு அது போதாது என்று முகத்தில் தெரிந்தது. இலை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம் என்றால், எங்களைத் திருடர்கள் என்கிறாயா என்று வந்துவிட்டால்? அந்தம்மா தட்டைப் பாதி தூக்கிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தது. எங்கள் எஸ்டேட் வாட்சர்.

ஞாயிற்றுக்கிழமையும் காக்கியைக் கழற்றாத மனுசர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். கெட்டவர் இல்லை. ஆனால் கண் மட்டும் கழுகுக் கண். அந்தக் குடும்பத்தைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். தூறலில் நனைந்த குடையை மடக்கி வாசலில் உதறிக்கொண்டிருந்தார். உதறி முடித்துத் திரும்பினால் எங்கள் பெஞ்சுதான் முதலில். நடுவில் ஒரு கைப்பிடி கொழுந்து.

எனக்கு என்ன தோன்றியது என்று இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை. எதுவும் தோன்றவில்லை என்பதுதான் நிஜம். அந்தம்மா கையிலிருந்த தட்டை நான் பிடித்து இழுத்து மறுபடியும் என் முன்னால் வைத்தேன். நடு அறையில் கையை விட்டு மொத்தத்தையும் வாரி வாயில் போட்டேன். வாய் கொள்ளவில்லை. விரலால் அழுத்தினேன். கசப்பு, துவர்ப்பு, புளிப்பு, பூண்டு, எண்ணெய் எல்லாம் ஒன்றாக ஏறி மூக்கில் வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அறையில் ஒட்டியிருந்த நாலைந்தையும் வழித்து உள்ளே தள்ளினேன்.

"ஏளா, மெல்லத் தின்னு. யாரும் புடுங்க மாட்டாங்க!" என்றார் வீட்டுக்காரர்.

அந்தம்மா ரெண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். "ஒரு வாய் எடுத்தாப் போதுமே தாயி! தட்டையே காலி பண்ணிட்டியே! எம் மருமகள எனக்கு அப்படியே அள்ளிக் குடுத்துட்டியே!" மகன் உள்ளே ஓடிவிட்டான். எதையோ தட்டிவிட்டான் போல, பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

வாட்சர் எங்கள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். "எந்தா, ஆராதனை கழிஞ்ஞு நேரே இங்ஙோட்டோ? எந்தா விசேஷம்? சேச்சி எந்தினா கரையுந்நது?"

நான் பதில் சொல்ல முடியுமா? வாய் நிறைய எஸ்டேட் கொழுந்து. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா ஏன் அழுகிறாள் என்று அவர் கேட்டது என்னைத்தான், கண்ணில் தண்ணீரைப் பார்த்து நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"எம் மகனுக்கு இவுக வீட்டுப் பொண்ணப் பேசி முடிச்சிருக்கு," என்று அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள். அவர் என் வீட்டுக்காரரிடம் கை குலுக்கினார். பிறகு தட்டைப் பார்த்தார். நடு அறையில் எண்ணெய் மட்டும்தான். ஓர் அறையிலிருந்து வறுத்த பட்டாணி நாலு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்ல வாசனை. நடுவில எந்தா இருந்தது? எனிக்கு ஒந்நும் இல்லே?"

"அய்ய, ஒங்களுக்கு இல்லாமலா? ஜாடியில இன்னும் இருக்கு, இருங்க," என்று அந்தம்மா சந்தோசத்தில் உள்ளே திரும்பினார்கள்.

"வேண்டாம்!"

அது என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. பாதி மென்றதை அப்படியே விழுங்கினேன். தொண்டையில் கல் இறங்கின மாதிரி இறங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் வாழ்நாளில் அதற்கு முன்னால் வேற்று ஆண்பிள்ளையிடம் முழுசாக ஒரு பேச்சுப் பேசினவள் இல்லை.

"அது வந்து... அத மூணாம் மனுசர் தொடக் கூடாதாம்ணே. பொண்ணு வீட்டாருக்கு மட்டும்தானாம். வேற ஆள் தொட்டா பேச்சு முறிஞ்சிருமாம். அவுக வழக்கம்."

எப்படி வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை. யாருடைய வழக்கத்தையோ நான் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து உண்டாக்கிக்கொண்டிருந்தேன். அந்தம்மா உள்வாசல் திரையைப் பிடித்தபடி நின்றார்கள். என்னைப் பார்த்தார்கள். வாட்சரின் காக்கிச் சட்டையைப் பார்த்தார்கள். பிறகு காலியான தட்டைப் பார்த்தார்கள். நான் முதலில் ஏன் கையை எடுத்தேன் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போனது. ஆனால் ரங்கூன், கப்பல், முகாம் எல்லாம் பார்த்தவர்கள். குரல் நடுங்கவில்லை.

"ஆமாங்க, மறந்தே போயிட்டேன். சந்தோசத்துல வழக்கமே மறந்துருச்சு. ஒங்களுக்குச் சூடா அத்தோ பிசைஞ்சு தாரேன், முட்டை வச்சு."

"ஆயிக்கோட்டே, கல்யாணம் முடங்ஙண்டா," என்று, கல்யாணம் தடைபட வேண்டாம் என்கிற மாதிரி அவர் சிரித்துவிட்டார். அதற்கு மேல் பட்டாணியையும் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாங்கள் எழுந்திருக்க முடியவில்லை. அவர் கல்யாணம் எந்த மாசம் என்று கேட்டார், பையனுக்கு எத்தனை வயது என்று கேட்டார். வீட்டுக்காரர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பல் இடுக்கில் ஒட்டியிருந்த இலையை நாக்கால் துழாவிக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பாலத்து நடுவில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"நா ஒரு இலைகூடத் திங்கல," என்றார் கடைசியில். "நீதான் தின்ன. புடிச்சா ஒன்னத்தான் புடிப்பாங்க."

சிரிக்கிறாரா பயப்படுகிறாரா என்று தெரியவில்லை. ரெண்டும்தான் என்று நினைக்கிறேன்.

லயத்தில் என் நாத்தனார் வாசலிலேயே நின்றாள். கசந்தாலும் தின்னுருங்க என்று அவள் குழாயடியில் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது, நேராக உள்ளே போய் அவள் வேலைக்குக் கட்டுகிற இடுப்புச் சாக்கை எடுத்து உதறினேன். மடிப்புத் தையலில் ஒரு இடம் பிரித்துப் பை மாதிரி வைத்திருந்தது. அதற்குள்ளே காய்ந்த கொழுந்து ரெண்டு. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அவங்க கேக்கவே இல்ல மதினி. நாந்தான் குடுத்தேன். ஊர்ல தின்னது நாக்குலயே நிக்குதுன்னு ஒருநா சொல்லி அழுதாங்க. மலையெல்லாம் தேயிலையா இருக்கு, ஒரு வாய் திங்க வழியில்லைன்னாங்க. தெனம் ஒரு பிடி. இருபது நாளோ என்னமோ. எல்லாருக்கும் தர்றதுதான்னு பொய் சொன்னேன். அவங்களுக்குத் தெரியாது."

"புடிச்சிருந்தா?"

"புடிக்கலல்ல."

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. முந்தானைக்குள் மறைத்திருந்த அந்தக் கறுத்த விரல்களைப் பார்த்தேன். அந்த விரலைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே வீட்டை அவளாகவே தேடிப் பிடித்திருக்கிறாள். பிடித்த விதம் தப்பு. ஆனால் நான் என்ன சொல்ல? திருட்டுக் கொழுந்து என் வயிற்றில் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அது என்னைத் தூங்கவும் விடவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. கொழுந்தைத் தின்றால் அப்படித்தானாம், பிறகு சம்பந்தியம்மா சொன்னார்கள். நான் கர்த்தர் தண்டிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு விடிய விடிய ஜெபம் பண்ணினேன்.

பேச்சு முடிந்ததற்கும் கல்யாணத்துக்கும் இடையில் மூன்று மாசம். அந்த மூன்று மாசமும் நான் செத்துப் பிழைத்தேன். தினமும் சாயங்காலம் அவள் சாக்கை நானே வாங்கி உதறுவேன். பிரித்த தையலை ரெட்டை நூல் போட்டு அடைத்தேன். ஒருநாள் வாட்சர் பாதையில் எங்கள் ரெண்டு பேரையும் கை காட்டி நிறுத்தினார். "கல்யாணத்துக்கு என்னெ விளிக்குமோ?" என்று கேட்டார். கல்யாணத்துக்குக் கூப்பிடுவீர்களா என்கிறார், அவ்வளவுதான். நான் பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சொல்லிச் சமாளித்தோம்.

பர்மாக்காரம்மா அடுத்த வாரமே லயத்துக்கு வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அறியாம வாங்கித் தின்னுட்டேன் தாயி. ஜாடியக் கவுத்து ஆத்துல கொட்டிட்டேன்" என்றார்கள். கொட்டினார்களா என்று எனக்கு முழு நம்பிக்கை இல்லை. நான் கேட்கவும் இல்லை. கல்யாணத்தில் அந்தச் சிவப்புத் தட்டு வந்தது. நடு அறையில் கற்கண்டு இருந்தது. வாட்சர் வந்து ரெண்டு கற்கண்டு எடுத்துக்கொண்டார். எடுக்கும்முன் என்னைப் பார்த்து, "தொடாமோ?" என்று கேட்டார். தொடலாம் என்று தலையாட்டினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் கொழுந்து எடுக்க வரவில்லை. கடையில் நின்றாள். எஸ்டேட் ஆள்கணக்குச் செக்ரோலில் அவள் பெயரை அடித்த அன்றுதான் நான் ஒரு நேரச் சோறு நிம்மதியாகத் தின்றேன்.

இதை எழுதி முடித்த பிறகும் பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருசம் கழித்து யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் பயம். என் நாத்தனார் இப்போது கம்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். புத்தகம் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒரு தடவை அவளிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அந்த இலைக்கு லப்பே என்று பெயர் சொன்னதாக எனக்கு நினைவு, சரியா என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் வைகாசியா ஆனியா என்பதும் அவளைத்தான் கேட்க வேண்டும். தினம் ஒரு பிடி என்றாளா ரெண்டு பிடி என்றாளா என்பதையும் கேளுங்கள். அவளுக்கு இது வெளியே வருவதில் சங்கடம் என்றால் அந்தச் சாக்குத் தையல் விசயத்தை எடுத்துவிடுங்கள். கொழுந்தைத் தின்றது நான் என்பது மட்டும் இருக்கட்டும்.